உள்ளங்கை ரேஸ் கார்களின் வேகக் கணக்கு

புதுச்சேரியில் எந்த மைதானத்தில் ஒரு சிறிய ரேடியோ காரைத் தரையில் இறக்கினாலும் சற்று நேரத்தில் நாலு பேர் கூடிவிடுவார்கள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: "அண்ணா, இது எத்தனை கிலோமீட்டர் வேகம் போகும்?" மணிக்கு 25 என்று பதில் வந்தால், விவரம் தெரிந்த ஒருவர் உடனே பெருக்கத் தொடங்குவார். காரின் அளவு நிஜக் காரில் 28-இல் ஒரு பங்கு. ஆகவே 25-ஐ 28-ஆல் பெருக்கினால் 700. நிஜக் காராக இருந்தால் இது மணிக்கு 700 கிலோமீட்டரில் பறக்கிறது என்று அர்த்தம்! காணொளிகளிலும் விளம்பரங்களிலும் இதே பெருக்கலைப் பார்க்கலாம்.

இந்தக் கணக்கு தவறு. இதை நம்பி வாங்குகிறவர்கள் ஏமாந்துபோகிறார்களே என்பதுதான் என் வருத்தம். பெட்டியில் அச்சிட்ட வேகத்தைப் பார்த்து வாங்குகிறார்கள். வீட்டுக் கூடத்தில் முழு வேகத்தில் ஓட்டுகிறார்கள். சுவரில் மோதி முன்சக்கரம் பிய்ந்ததும் பரண்மேல் போட்டுவிடுகிறார்கள். இந்தப் பொழுதுபோக்கின் சுவை நேர்க்கோட்டில் இல்லை, வளைவில் இருக்கிறது. அது ஏன் என்று புரிய, முதலில் காருக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஸ்விட்ச்சும் ரெகுலேட்டரும்

காந்தி வீதி ஞாயிறு சந்தையிலோ திருவிழாக் கடையிலோ கிடைக்கும் ரிமோட் காரில் ஒரு பொத்தானை அழுத்தினால் வண்டி முழு வேகத்தில் ஓடும், விட்டால் நிற்கும். இடது பொத்தானை அழுத்தினால் முன்சக்கரங்கள் முழுவதும் இடப்பக்கம் திரும்பும். "கொஞ்சமாகத் திரும்பு, பாதி வேகத்தில் போ" என்று அதனிடம் சொல்ல வழியே கிடையாது. வீட்டில் விளக்குக்கு இருக்கும் ஸ்விட்ச் இப்படித்தான்: எரியும், அல்லது அணையும்.

பந்தயத்துக்கான கார் மின்விசிறி ரெகுலேட்டரைப் போன்றது. குமிழை எவ்வளவு திருப்புகிறோமோ அவ்வளவுதான் விசிறி சுற்றும். அதேபோல விரல் எவ்வளவு அசைகிறதோ அந்த அளவுக்குத்தான் காரும் அசையும். இதற்கு விகிதக் கட்டுப்பாடு என்று பெயர். கையில் பிடிக்கும் கருவி பெரும்பாலும் கைத்துப்பாக்கி வடிவில் இருக்கும். ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை, மறு கைக்கு ஒரு சிறு சக்கரம். விசையை இழுத்தால் வேகம் கூடும், வெளியே தள்ளினால் பிரேக் பிடிக்கும். சக்கரத்தை ஒரு நெல்லளவு திருப்பினால் காரும் ஒரு நெல்லளவே திரும்பும்.

இன்னொரு பெரிய வித்தியாசம் உதிரிப் பாகங்கள். பொம்மைக் காரில் ஒரு பற்சக்கரம் உடைந்தால் வண்டியே குப்பை. பந்தயக் காரில் திருகாணி முதல் மோட்டார் வரை ஒவ்வொன்றும் தனியாக விற்கப்படும், கழற்றி மாட்டிக்கொள்ளலாம். வாங்குவதற்கு முன் "இது எவ்வளவு வேகம்?" என்று கேட்பதைவிட "இதன் முன்சக்கரத்தைத் தாங்கும் கை உடைந்தால் தனியாகக் கிடைக்குமா?" என்று கேட்பதே பயனுள்ள கேள்வி என்பேன். நம் ஊரில் பெரும்பாலானவை இணையத்தில் வரவழைத்துத்தான் கிடைக்கின்றன. உதிரி கிடைக்காத மாதிரியை எவ்வளவு அழகாக இருந்தாலும் தொடாதீர்கள்.

ரேடியோ மூலம் ஒரு வண்டியை இயக்கலாம் என்பது பழைய சேதி. நிக்கோலா டெஸ்லா 1898-இல் நியூயார்க்கில் ஒரு சிறு படகை அப்படி ஓட்டிக் காட்டினார். ஜப்பானின் தாமியா நிறுவனம் 1976-இல் 1:12 அளவில் போர்ஷே 934 மாதிரியை வெளியிட்டது; வீட்டு மேசையில் பாகங்களைப் பூட்டி ஓட்டும் ரேடியோ கார் பலரிடம் போய்ச் சேர அது வழிவகுத்தது. கியோஷோ நிறுவனத்தின் மினி-இசட் 1999-இல் வந்தது. அதன் அளவு 1:28. ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் நீளமும் நான்கு சிறிய 'டிரிபிள் ஏ' பேட்டரிகளும் கொண்ட அந்தக் கார், பந்தயத்தை வீட்டுக் கூடத்துக்குள் கொண்டுவந்தது. இந்தக் கட்டுரையில் நான் பேசுவது பெரும்பாலும் இந்த அளவுக் கார்களைப் பற்றியே.

இதுவரை பார்த்தது: பொம்மைக் கார் முழுவதும் ஓடும் அல்லது நிற்கும். பந்தயக் கார் விரல் அசைவின் அளவைக் கேட்டு நடக்கும். அதன் பாகங்களும் தனித்தனியாகக் கிடைக்கும்.

விரல் அசைவு சக்கரத்துக்குப் போகும் வழி

கையிலிருக்கும் கருவி டிரான்ஸ்மிட்டர், அதாவது அலைபரப்பி. காருக்குள் இருப்பது ரிசீவர், அதாவது அலைவாங்கி. பழைய பொம்மைகள் பல 27 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில் பேசின. அதனால்தான் அண்ணன் தம்பி இருவரும் ஒரே மாதிரிக் கார் வாங்கினால் ஒரு ரிமோட்டுக்கு இரண்டும் ஓடின. இன்றைய கருவிகள் வைஃபை பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இயங்குகின்றன. ஒவ்வொரு அலைபரப்பிக்கும் தனி அடையாள எண் உண்டு. முதல் முறை இணைக்கும்போது அலைவாங்கி அந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்கிறது. பிறகு வேறு எவர் பேச்சையும் கேட்காது. பத்துக் கார்கள் ஒன்றாக ஓடினாலும் குழப்பம் வராததற்கு இதுவே காரணம்.

அலைவாங்கிக்கு வந்த செய்தி இரண்டாகப் பிரிகிறது. திருப்புவது ஒன்று, வேகம் மற்றொன்று.

திருப்பும் வேலையைச் செய்வது சர்வோ. சிறு மோட்டார், சில பற்சக்கரங்கள், தான் இப்போது எந்தக் கோணத்தில் நிற்கிறோம் என்று அளக்கும் ஓர் உணரி ஆகிய மூன்றும் சேர்ந்ததே சர்வோ. அதற்கு வழக்கமாக வினாடிக்கு 50 முறை ஒரு சிறு மின்துடிப்பு வருகிறது. துடிப்பின் நீளம்தான் செய்தி. 1.5 மில்லி வினாடி நீண்டால் 'நேராக நில்'. அது 1 மில்லி வினாடியாகக் குறைந்தால் ஒரு பக்கக் கடைக்கோடி, 2 மில்லி வினாடியாக நீண்டால் மறு பக்கக் கடைக்கோடி. இடைப்பட்ட ஒவ்வொரு நீளத்துக்கும் ஒரு கோணம் உண்டு. சர்வோ தான் நிற்கும் கோணத்தையும் வந்த கட்டளையையும் ஒப்பிட்டு, இரண்டும் ஒன்றாகும்வரை மோட்டாரைச் சுழற்றும். மிகச் சிறிய கார்களில் இதே வேலையைச் சட்டகத்துக்குள்ளேயே பொருத்திய பாகங்கள் செய்கின்றன, தத்துவம் மாறுவதில்லை.

வேகத்தைக் கவனிப்பது மின்வேகக் கட்டுப்படுத்தி. பயன்படுத்துகிறவர்கள் சுருக்கமாக இஎஸ்சி என்பார்கள். பாதி வேகம் வேண்டுமென்றால் அது மின்னழுத்தத்தைப் பாதியாக்குகிறது என்றே பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தை வினாடிக்கு ஆயிரக்கணக்கான முறை வெட்டி வெட்டி விடுகிறது. மொத்த நேரத்தில் பாதி நேரம் மின்சாரம் போனால் மோட்டாருக்குச் சராசரியாகப் பாதிதான் கிடைக்கிறது. வெட்டு அவ்வளவு விரைவாக நடப்பதால் மோட்டார் திக்குவதில்லை. எலெக்ட்ரானிக் மின்விசிறி ரெகுலேட்டர்களில் ஒரு வகையும் மின்சாரத்தை வெட்டித்தான் விடுகிறது என்பதால், மேலே சொன்ன ஒப்புமை வெறும் பேச்சுக்காகச் சொன்னதல்ல.

சுருக்கமாக: விரல் அசைவு ரேடியோ அலையாகிக் காருக்குப் போகிறது. அங்கே துடிப்பின் நீளமாக மாறி, சர்வோவில் கோணமாகவும் மோட்டாரில் வேகமாகவும் வெளிப்படுகிறது.

ஏன் 28-ஆல் பெருக்கக் கூடாது

இனிதான் அந்த 700 கிலோமீட்டர் கதை.

ஒரு கார் வளைவில் திரும்பும்போது அதை வளைவுக்குள் பிடித்துவைப்பது தரைக்கும் டயருக்கும் இடையிலான உராய்வு. அதை இங்கே பிடிப்பு என்று சொல்வோம். பிடிப்புக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையைத் தாண்டாமல் எவ்வளவு வேகத்தில் திரும்பலாம் என்பதை மூன்று விஷயங்கள் தீர்மானிக்கின்றன: தரையின் பிடிப்பு, புவியீர்ப்பு, வளைவின் ஆரம். மூன்றையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் அந்த வேகம் கிடைத்துவிடும். காரின் எடை இந்தக் கணக்கில் வருவதே இல்லை. எடை கூடினால் காரைத் திருப்பத் தேவைப்படும் பலமும் கூடுகிறது, உராய்வும் அதே அளவில் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். நிஜக் கார் 28 மீட்டர் ஆரமுள்ள வளைவில் திரும்புகிறது. நல்ல பிடிப்புள்ள தரையில் அது ஏறத்தாழ மணிக்கு 60 கிலோமீட்டர் வரை போகலாம். 28-இல் ஒரு பங்கு காருக்கு அதே வளைவு 1 மீட்டர் ஆரமாகச் சுருங்குகிறது. பிடிப்பு அப்படியே இருந்தால் அதன் எல்லை வேகம் மணிக்கு சுமார் 11 கிலோமீட்டர். 60-ஐ 28-ஆல் வகுத்தால் 2-க்குச் சற்று மேல்தான் வர வேண்டும். ஆனால் 11 வருகிறது. ஏனெனில் ஆரம் 28 மடங்கு குறையும்போது வேகம் அதன் வர்க்கமூலமான 5.3 மடங்குதான் குறைகிறது. காரைச் சிறிதாக்கலாம், புவியீர்ப்பைச் சிறிதாக்க முடியாது.

ஆகவே ஒப்பிட்டே தீர வேண்டும் என்றால் 5.3-ஆல் பெருக்குங்கள். மணிக்கு 25 கிலோமீட்டர் ஓடும் சின்னக் காரின் நடத்தை, மணிக்கு 130 கிலோமீட்டர் அளவில் ஓடும் நிஜக் காருக்கு ஒப்பானது. 700 அல்ல. 130 என்பது சாதாரண எண்ணாகத் தோன்றலாம். ஆனால் இதற்குள் ஒளிந்திருக்கும் இன்னொரு எண்ணைப் பாருங்கள். நிஜக் கார் அந்த வளைவில் நேர்கோணமாகத் திரும்பி முடிக்க 2.6 வினாடிக்கு மேல் ஆகிறது. சின்னக் காருக்கு அரை வினாடிதான். ஓட்டுகிறவரின் கண்ணும் விரலும் மட்டும் அதே பழைய வேகத்தில் இருக்கின்றன. வளைவைப் பார்த்து, முடிவெடுத்து, சக்கரத்தைத் திருப்பி, திரும்பியது போதும் என்று நேராக்கும் அத்தனை வேலையும் அரை வினாடிக்குள்!

இந்த விளையாட்டின் கடினமும் இன்பமும் இங்கேதான் பிறக்கின்றன. சிறிய காரை ஓட்டும்போது சுருங்குவது தூரம் மட்டுமல்ல, நமக்குக் கிடைக்கும் நேரமும் ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. விகிதக் கட்டுப்பாடு இல்லாத பொம்மையால் பந்தயம் ஓட முடியாததற்குக் காரணமும் இதுவே: அரை வினாடிக்குள் முழுத் திருப்பு, பூஜ்யத் திருப்பு என்ற இரண்டே தேர்வுகளை வைத்துக்கொண்டு ஒரு வளைவைக்கூட ஒழுங்காக எடுக்க முடியாது.

மறந்துவிடாமல் குறித்துக்கொள்ள: அளவு 28 மடங்கு சுருங்கினால் வேகமும் நேரமும் சுமார் 5.3 மடங்கு சுருங்கும்.

பிடிப்பைத் தீர்மானிப்பது தரை

புதியவர்கள் முதலில் மாற்ற நினைப்பது மோட்டார். மாற்ற வேண்டியது டயர். டயரின் பிடிப்பு மொத்தமாக ஓர் அளவு. திரும்புவதற்கும் வேகமெடுப்பதற்கும் பிரேக்குக்கும் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். வளைவின் நடுவில் விசையை முழுவதும் இழுத்தால், திரும்புவதற்கு மிச்சமில்லாமல் கார் சுழன்றுவிடுகிறது. அதை மோட்டாரின் குறை என்று நினைத்து இன்னும் வலுவான மோட்டாரைப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அப்புறம் கார் இன்னும் அதிகமாகத்தான் சுழலும்.

ரப்பர் டயர்களில் 20, 30, 40 என்று கடினத்தன்மைக்கான எண்கள் இருக்கும். எண் குறையக் குறைய ரப்பர் மென்மையாகும். மென்மையான ரப்பர் நன்றாகப் பிடிக்கும், சீக்கிரம் தேயும். பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் காரில் பின்பக்கத்துக்கு மென்மையான டயரும் முன்பக்கத்துக்குச் சற்றுக் கடினமானதும் போட்டால் தொடக்கக்காரருக்குக் கார் அடங்கி நடக்கும். நான்கு சக்கரங்களும் இயங்கும் கார் இன்னும் எளிது; முதல் கார் அதுவாக இருப்பது நல்லது.

நம் பக்கத்துத் தரைகளைப் பார்ப்போம். கூடத்து வழவழப்பான டைல்ஸில் இந்தக் கார்கள் எண்ணெயில் ஓடுவதாகத் தோன்றும். தூசி படிந்தால் இன்னும் மோசம். ஓட்டுவதற்கு முன் தரையை ஈரத் துணியால் துடைத்து உலரவிட்டாலே பெரிய மாற்றம் தெரியும். மொட்டை மாடியில் பதித்த சிவப்புத் தட்டோடு நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஓடுகளின் இணைப்புகளில் கார் துள்ளும், டயரும் தேயும். வழவழப்பாகப் பூசிய சிமென்ட் தரை நடுத்தரம். குழந்தைகள் விளையாட விரிக்கும், ஒன்றோடொன்று கோத்துக்கொள்ளும் ரப்பர் நுரைப் பாய்கள் இந்த அளவுக் கார்களுக்கு மிகவும் பொருத்தமானவை. உலகெங்கும் 1:28 பந்தயப் பாதைகள் பல அந்த வகைப் பாய்களால்தான் அமைக்கப்படுகின்றன.

கடற்கரை வேண்டவே வேண்டாம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலையில் வாகனங்களை நிறுத்திவிடுவதால் அது நல்ல பாதையாகத் தோன்றும். ஆனால் அது மக்கள் நடப்பதற்காக ஒதுக்கிய நேரம். முதியவர் ஒருவரின் காலடியில் கார் புகுந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கடலூர் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை மணலைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இந்தக் கார்களின் அடிப்பாகத்துக்கும் தரைக்கும் இடைவெளி சில மில்லிமீட்டர்தான். மணல் பற்சக்கரத்துக்குள் புகுந்து அரைத்துவிடும், உப்பு பேரிங்கைத் துருப்பிடிக்க வைக்கும். கடலுக்குப் பக்கத்துத் தெருக்களில் வசிப்பவர்கள் காரைத் திறந்த அலமாரியில் வைக்காமல் மூடியுள்ள டப்பாவில் வையுங்கள்; காற்றில் வரும் உப்பே போதும் துருவுக்கு.

பற்சக்கரமும் பேட்டரியும்

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மோட்டாரின் அச்சில் இருக்கும் சிறு பற்சக்கரம் பினியன். அது சுழற்றும் பெரிய பற்சக்கரம் ஸ்பர். பினியனில் பல் கூடினால் உச்ச வேகம் கூடும், மோட்டார் சூடாகும். குறைந்தால் வளைவிலிருந்து சட்டென்று கிளம்பும், மோட்டாரும் குளிர்ச்சியாக இருக்கும். கடலூர் மே மாதத்தில் ஓட்டும்போது பெரிய பினியன் போடாதீர்கள்.

பேட்டரியில் இரண்டு வகை. நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் 1.2 வோல்ட், முரட்டுத்தனமாகக் கையாண்டாலும் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பாலிமர் செல் 3.7 வோல்ட், லைபோ என்று சொல்வார்கள். எடை குறைவு, வலு அதிகம், ஆனால் கவனம் வேண்டும். ஒரு செல்லை 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏற்றக் கூடாது, 3 வோல்ட்டுக்குக் கீழே இறக்கக் கூடாது. செல்களைச் சமமாக ஏற்றும் சார்ஜரைத்தான் பயன்படுத்த வேண்டும். சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியை மீண்டும் சார்ஜ் செய்யாதீர்கள், அது தீப்பிடிக்கக்கூடும். வெயிலில் நிற்கும் ஸ்கூட்டரின் டிக்கியில் லைபோவை விட்டுவைப்பதும் ஆபத்தே.

முதல் பாதையும் முதல் பயிற்சியும்

மூன்று மீட்டருக்கு நாலு மீட்டர் இடம் இருந்தால் ஒரு பாதை போடலாம். ஓரங்களுக்குத் தோட்டத்துக் குழாயோ தச்சரிடம் கிடைக்கும் ரீப்பர் கட்டையோ போதும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் மாதங்களில் மாடி பயன்படாது. அப்போது கைகொடுப்பது கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடம். முகூர்த்தம் இல்லாத நாட்களில் காலியாகத்தான் கிடக்கும். நாலைந்து பேர் சேர்ந்து கேட்டால் ஒரு பிற்பகலுக்குத் தரும் மண்டபக்காரர்களும் உண்டு.

முதல் நாள் செய்ய வேண்டியது விசையின் வரம்பைக் குறைப்பது. நல்ல அலைபரப்பிகளில் உச்ச வேகத்தைப் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ கட்டுப்படுத்த வழி இருக்கும். வெட்கப்படாமல் குறைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு செருப்புகளைத் தள்ளித் தள்ளி வைத்து, அவற்றைச் சுற்றி எட்டு வடிவத்தில் ஓட்டுங்கள். கார் உங்களை விட்டு விலகிப் போகும்போது எல்லாம் சரியாக இருக்கும். உங்களை நோக்கித் திரும்பி வரும்போது இடமும் வலமும் தலைகீழாகத் தெரியும். எல்லோரும் தடுமாறும் இடம் அதுதான். காரின் ஓட்டுநர் இருக்கையில் நீங்களே உட்கார்ந்திருப்பதாக மனதில் வைத்துக்கொள்வதே வழி. உடம்பைத் திருப்பித் திருப்பி ஓட்டப் பழகாதீர்கள்; பந்தயத்தில் ஒரே இடத்தில் நின்றுதான் ஓட்ட வேண்டும்.

பந்தயம் என்றால் என்ன

முறையான பந்தயத்தில் முதலில் தகுதிச் சுற்று. எல்லோரும் ஒன்றாக ஓடினாலும் ஒவ்வொருவரும் போட்டியிடுவது கடிகாரத்தோடுதான். குறித்த நிமிடங்களில் யார் அதிக லாப் (பாதையை ஒரு முறை முழுதாகச் சுற்றி வருவது) முடித்தார், எவ்வளவு நேரத்தில் முடித்தார் என்று பார்த்து இறுதிப் போட்டியின் வரிசையைத் தீர்மானிப்பார்கள். காரில் பொருத்திய டிரான்ஸ்பாண்டர் என்ற சிறு அடையாளக் கருவியை வைத்து, கார் கோட்டைக் கடக்கும் ஒவ்வொரு முறையும் நேரம் பதிவாகும். வீட்டுப் பாதைக்கு ஃபோனின் நிறுத்துக்கடிகாரமே போதும்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் ஒன்று உண்டு. ஒரு சுற்றில் ஓட்டி முடித்தவர்கள் அடுத்த சுற்றில் பாதையின் ஓரங்களில் நிற்க வேண்டும். கவிழ்ந்த கார்களை நிமிர்த்திவிடுவது அவர்கள் வேலை. இவர்களை மார்ஷல் என்பார்கள். சற்று முன் உங்களை முந்தியவரின் காரை நீங்களே ஓடிப்போய்த் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். வருகிற கார்களைப் பார்த்து, வழி விட்டுத்தான் கையை நீட்ட வேண்டும்.

புதியவர்கள் தங்கள் மிக வேகமான லாப் எது என்று தேடுவார்கள். முதல் சில மாதங்களுக்கு வேறொன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: தொடர்ந்து பத்து லாப் ஓட்டி, அதில் வேகமானதுக்கும் மெதுவானதுக்கும் உள்ள இடைவெளி எவ்வளவு என்று. தொடக்கத்தில் சில வினாடிகள் இருக்கும். அது அரை வினாடிக்குள் வந்த பிறகு விசை வரம்பைக் கொஞ்சம் ஏற்றுங்கள். இடைவெளி மறுபடியும் விரிந்தால், பழைய வரம்புக்கே திரும்பி இன்னும் சில நாட்கள் ஓட்டுங்கள்.